மூன்று தப்பும் எட்டு இலக்கமும்

லெட்ஜர் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் புதிதாக அமைக்கத் தொடங்கினால், அது முதலில் கேட்பது ஒரு பின் நம்பர். நான்கு முதல் எட்டு இலக்கம் வரை வைக்கலாம். மூன்று முறை தப்பாக அழுத்தினால் கருவி தன்னிடமுள்ள அனைத்தையும் துடைத்துவிடும். செக் நாட்டுத் தயாரிப்பான ட்ரெஸர் கொஞ்சம் பொறுமைசாலி. ஒவ்வொரு தப்புக்கும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், பல தப்புகளுக்குப் பிறகுதான் அழிக்கும். பிட்காயின் போன்றவற்றின் சாவியை இணையத்துக்கு எட்டாமல் பூட்டிவைக்கும் இந்த ஹார்டுவேர் வாலட்டுகளை வாங்குவோருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: நீளமான நம்பராக வையுங்கள். தப்பான அறிவுரை இல்லை, ஆனால் குறைபட்டது.

நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள் உண்டு. மூன்றே வாய்ப்பு என்றால் திருடன் வெல்வது பத்தாயிரத்தில் மூன்று. அது போதுமான காவல்தான், எண் குருட்டாம்போக்கில் எடுக்கப்பட்டிருந்தால். நாம் அப்படியா எடுக்கிறோம்? தரவு ஆய்வாளர் நிக் பெர்ரி 2012இல், கசிந்த கடவுச்சொற்களிலிருந்து 34 லட்சம் நான்கிலக்க எண்களைத் திரட்டிப் பார்த்தார். 1234 மட்டும் ஏறத்தாழ 11 விழுக்காடு. அதோடு 1111, 0000 இரண்டையும் சேர்த்தால் 18 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பத்தாயிரத்தில் மூன்று என்ற கணக்கு, ஐந்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வாலட் வாங்குபவர் இதைவிட உஷாரானவர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் 1234 வைக்கமாட்டார். மகள் பிறந்த தேதியை வைப்பார். அதே 2012இல் ஜோசப் பொன்னோவும் கேம்பிரிட்ஜ் சகாக்களும் வங்கி பின் நம்பர்களை ஆராய்ந்தார்கள். பிறந்த தேதியை வைத்தே ஊகித்தால், திருடிய 11 முதல் 18 பர்ஸ்களுக்கு ஒன்றில் ஏடிஎம் கார்டு வேலைசெய்யும் என்பது அவர்கள் கணிப்பு.

இலக்கத்தைக் கூட்டினால் சரியாகிவிடுமா? ஜெர்மனியின் போகும் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் தாமே தேர்ந்தெடுக்கும் ஆறிலக்க எண்கள் நான்கிலக்கத்தைவிடப் பெரிதாகப் பாதுகாப்புத் தரவில்லை என்றது. 1234 வைத்தவர் 123456 வைக்கிறார், அவ்வளவுதான்.

தப்புகளை எண்ணும் அந்த ஏற்பாட்டையே தாண்டிப் போகிற திருடனும் உண்டு. கிரிப்டோ பரிமாற்ற நிறுவனமான கிராக்கனின் பாதுகாப்பு ஆய்வகம் 2020 ஜனவரியில் அதைச் செய்து காட்டியது. ட்ரெஸர் ஒன், மாடல் டி கருவிகள் 15 நிமிடம் கையில் கிடைத்தால் போதும். மின்னழுத்தத்தைக் குலைத்து உள்ளிருப்பதை வெளியே எடுத்துவிடலாம். அதன்பிறகு கணினி எல்லா எண்களையும் போட்டுப் பார்க்கும், தடுக்க ஆளில்லை. ஒன்பது இலக்கம்கூட அங்கே தாங்காது. அப்போது காப்பாற்றுவது, கருவி போனாலும் பணத்தைத் திரும்ப எடுக்க எழுதிவைக்கும் மீட்புச் சொற்களோடு நாமாகச் சேர்க்கும் கூடுதல் ரகசியச் சொற்றொடர் மட்டுமே. ஆக, எண்ணும் ஏற்பாடு பிழைத்திருந்தால் குருட்டாம்போக்கு எண் சின்னதாக இருந்தாலும் போதும். அது உடைந்துவிட்டால் பெரிய எண்ணும் போதாது. நீளத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ட்ரெஸர் ஒன்னை ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். கணினித் திரையில் வெறும் ஒன்பது கட்டங்கள்தான் தெரியும். எந்தக் கட்டம் எந்த எண் என்பது கருவியின் சின்னத் திரையில் மட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் இடம் மாறி. கணினிக்குள் உளவு நிரல் இருந்தாலும் அதற்கு ஒன்றும் விளங்காது. விரல் போகும் தடத்தை வைத்தே நம்பரை நினைவில் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது சங்கடம்.

மறதிக்கு வருவோம். அமெரிக்கப் பத்திரிகையாளர் மார்க் ஃப்ராவன்ஃபெல்டர் 7.4 பிட்காயினை ட்ரெஸரில் வைத்திருந்தார். மீட்புக்கான 24 சொற்களை எழுதிய ஆரஞ்சு நிறத் தாள், வீடு சுத்தம் செய்தபோது குப்பையோடு போய்விட்டது. அதன்பிறகுதான் தெரிந்தது, நம்பரும் மறந்துபோயிருக்கிறது. ஒவ்வொரு தப்புக்கும் காத்திருப்பு இரட்டித்தது. கடைசியில் பிரிட்டனைச் சேர்ந்த சலீம் ரஷீத் என்ற 15 வயதுப் பையன் பழைய மென்பொருளில் கண்டுபிடித்த ஓட்டை வழியாகத்தான் 2017இல் அவர் உள்ளே போக முடிந்தது. இந்தக் கதையைப் பின் நம்பர் மறந்த கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது தாள் தொலைந்த கதை. தாள் இருந்திருந்தால் கருவியை அழித்துவிட்டு, சொற்களைத் திரும்ப ஏற்றி, புது நம்பர் வைத்திருக்கலாம். அரைமணி வேலை.

எனவே நினைவில் நிற்குமா என்று பயந்து கல்யாண நாளுக்கோ வண்டி நம்பருக்கோ ஓட வேண்டாம். உங்களிடம் இருப்பது லெட்ஜர் என்றால், 0 முதல் 9 வரை பத்துத் துண்டுச் சீட்டு எழுதி, குடவோலை எடுப்பதுபோல் ஒரு பாத்திரத்தில் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டு, எட்டு முறை. பணம் ஏற்றுவதற்கு முன்பே வேண்டுமென்று மூன்று முறை தப்பாக அழுத்தி, கருவி தன்னைத் துடைத்துக்கொள்வதைக் கண்ணால் பாருங்கள். பிறகு தாளில் எழுதிய சொற்களை வைத்து அதை மீட்டெடுங்கள். அது நடந்தேறிய பிறகு முதல் காசை அனுப்புங்கள்.