மேல் வரியில் இருக்கும் சதவீதம்

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இன்டென்ட். ஒரு வேலையை இன்னொன்றின் கீழே உள்தள்ளினால், மேலே இருப்பது உடனே சம்மரி டாஸ்க் ஆகிவிடும். அதன் தொடக்கமும் முடிவும் கீழே இருப்பவற்றைப் பார்த்துத் தானாக அமையும். இருநூறு வரிக் குழப்பம் பத்து தலைப்புக்குள் அடங்கிவிடும். இதைக் குறை சொல்ல மனசு வராது.

என் புகார், தேதிகளோடு சேர்ந்து மேலே ஏறி வரும் இன்னொரு எண்ணைப் பற்றி: பெர்சென்ட் கம்ப்ளீட்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சம்மரி டாஸ்க், அதன் கீழ் மூன்று வேலைகள்.

ஆவணம் எழுதுவது: 20 நாள், ஒரு ஆள், தினமும் 2 மணி நேரம் மட்டும். மொத்தம் 40 மணி.
கோடிங்: 10 நாள், நான்கு பேர், தினம் 8 மணி. மொத்தம் 320 மணி.
டெஸ்டிங்: 10 நாள், இரண்டு பேர், தினம் 8 மணி. மொத்தம் 160 மணி.

ஆவணம் முடிந்தது, மற்ற இரண்டும் தொடங்கவே இல்லை. இப்போ சம்மரி டாஸ்க் எவ்வளவு காட்டும்? 50%. ஏன்னா பெர்சென்ட் கம்ப்ளீட் என்பது கால அளவை வைத்துப் போடும் கணக்கு. கிளை வேலைகளின் மொத்தம் 40 நாள், அதில் முடிந்தது 20 நாள். உழைப்பை வைத்துப் பார்த்தால் 520 மணியில் 40 மணிதான் ஆகியிருக்கிறது, 8% கூட இல்லை.

மென்பொருள் பொய் சொல்லவில்லை. உழைப்பைக் காட்ட பெர்சென்ட் ஒர்க் கம்ப்ளீட் என்று தனி நெடுவரிசையே இருக்கிறது. ஆனால் எத்தனை பேர் அதை எடுத்துத் திரையில் வைக்கிறோம்? ஒரே வேலையாக இருக்கும்வரை இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே ஓடும், அதனால் சந்தேகமும் வராது. மேலே ஏற ஏறத்தான் பிரியும். மேல் அதிகாரி பார்ப்பதோ மேல் வரியை மட்டும்.

இது எனக்குப் புத்தக அறிவு இல்லை. சில வருடம் முன்பு ஒரு ப்ராஜெக்டில் இப்படித்தான் மேல் வரி அழகாக ஏறிக்கொண்டிருந்தது. அதை நம்பி வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்தார்கள். மிச்சம் இருந்தது முழுக்க ஆள்பலம் கேட்கும் வேலை. ஆறு வாரம் சனி, ஞாயிறு கிடையாது. டீமில் ஒரு பெண்ணுக்கு அக்கா கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைத்தது. "பாதி முடிஞ்சிருச்சுன்னு சொன்னீங்களே சார்" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்த ஷெட்யூலைப் போட்டது நான்தான்.

இது புதுக் கதையும் இல்லை. 1958-ல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் முறையை உருவாக்கியது. போலாரிஸ் வெற்றிக்கு அதுவே காரணம் என்று பெயர் பரவியது. 1972-ல் ஹார்வி சாபோல்ஸ்கி அந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பெர்ட் திட்டமிட உதவியதைவிட, எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று வெளியாட்களை நம்ப வைக்கத்தான் அதிகம் உதவியது என்பது அவர் முடிவு. கடற்படை நம்ப வைத்தது வெளியாட்களை. நாம நம்ப வைக்கிறது நம்மையே. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதற்காக ஷெட்யூலே வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் இப்போ செய்வது நான்கு விஷயம். இரண்டு சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். இடைவெளி பெரிதாக இருந்தால் அதைத்தான் மீட்டிங்கில் முதலில் பேசுகிறேன். கடைசி மட்டத்து வேலைகளை ஒரு வாரத்துக்குள் முடிகிற அளவுக்கு உடைத்து, 0 அல்லது 100 மட்டும் போடுகிறேன். "90% ஆச்சு" என்பதற்கு இடமே கிடையாது. வேலை தொடங்கும் முன்பே பேஸ்லைன் சேமிக்கிறேன், பிறகு தேதி நழுவினால் மறைக்க முடியாது. சம்மரி டாஸ்க்கில் கையால் சதவீதம் தட்டுவதே இல்லை. அங்கே 100 என்று அடித்தால் கீழே தொடாத வேலையும் 100 ஆகிவிடும்!

மேல் வரியில் இருக்கும் எண், கீழே ஒருத்தர் வீட்டுக்குப் போகும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. அதை அனுப்பும் முன் எதை எதால் வகுத்து வந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.