பிரேதமும் பிச்சைக்காரியும்: புதுமைப்பித்தனின் அச்சக் கதைகளில் கடனும் தனித்துவமும்

முன்னுரை

புதுமைப்பித்தன் (1906–1948) சமூக விமர்சகராகவும் அங்கத எழுத்தாளராகவும் போற்றப்படும் அளவுக்கு அச்சக் கதைகளின் ஆசிரியராக ஆராயப்பட்டதில்லை. பேயும் பிணமும் மலிவு விலை நாவல்களுக்கு உரியவை என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம். பி. டி. சாமி போன்றோர் பிற்காலத்தில் பெற்ற வெகுசன வரவேற்பு அவ்வெண்ணத்தை மேலும் வலுப்படுத்தியது. மற்றொரு காரணம், அவருடைய தொடக்ககாலக் கதைகள் சில மேலைக் கதைகளின் தழுவல்கள் என்ற குற்றச்சாட்டாகும். அவர் எதைக் கடனாகப் பெற்றார், அதைக் கொண்டு எதை ஆக்கினார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாப்பசானின் நிழல்

1933-இல் தொடங்கிய ‘மணிக்கொடி’யில் 1934 முதல் எழுதிய இளைஞர் சொ. விருத்தாசலம், பிரெஞ்சுச் சிறுகதையை ஆங்கிலத்தின் வழியே கற்றவர். ‘பயம்’, ‘கொலைகாரன் கை’ உள்ளிட்ட சில கதைகள் மாப்பசானைத் தழுவியவை எனத் திறனாய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். வெட்டப்பட்ட கை ஒன்றை மையமாக்கி மாப்பசான் 1875-இலும் 1883-இலும் கதை எழுதினார் என்பதை நினைத்தால், இரண்டாவது கதையின் தலைப்பே அதன் மூலத்தை நினைவூட்டும். மொழிபெயர்ப்பை ஆதரித்துத் தழுவலைக் கடுமையாகச் சாடியவர் புதுமைப்பித்தன். ஆதலின் இம்முரண்பாட்டை மழுப்புவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தழுவலைத் தழுவல் என்றே கூறிவிட்டு, அவர் அதனின்று எவ்வாறு வெளியேறினார் என்று வினவுவதே முறை.

மாப்பசானிடம் அச்சம் பெரும்பாலும் ஒரு பொருளிலோ ஒரு கணத்திலோ குவிகிறது. கேட்போரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்கிறார். நம்புவதும் நம்பாததும் கேட்போர் பொறுப்பு. புதுமைப்பித்தன் அங்கு முதன்மையாகக் கற்றது இந்த ஐயத்தின் தொழில்நுட்பத்தையே எனலாம். பேய் உண்டென்று நிறுவாமலும், இல்லையென்று தள்ளாமலும் கதையை நிறுத்தும் அந்த முறை, பின்னர் ‘காஞ்சனை’யில் முதிர்ச்சி அடைகிறது.

‘பிரேதம்’ என்னும் சொல்

மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ 1818-இல் இலண்டனில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. புதுமைப்பித்தன் அதற்குத் தமிழில் இட்ட பெயர் ‘பிரேத மனிதன்’. மூலத்தின் தலைப்பு படைத்தவனைக் குறிக்க, தமிழ்த் தலைப்பு படைக்கப்பட்டதைக் குறிக்கிறது. இம்மாற்றம் சிறியதன்று.

தமிழ் வழக்கில் ‘பிரேதம்’ பிணத்தை மட்டும் குறிப்பதில்லை. இறந்தபின், உரிய கிரியைகள் முடிந்து பிதிரரோடு சேரும்வரை இடமின்றி நிற்கும் நிலைக்கும் அதுவே பெயர். அந்நிலையினின்று ஒருவரைக் கரையேற்றும் கடமை மக்களுக்கும் உறவினருக்கும் உரியது. ஷெல்லியின் படைப்புயிருக்குப் பெயர் இல்லை, தாய் இல்லை, ஆக்கியவனோ கண்டவுடன் அருவருத்து விலகுகிறான். கிரியை செய்ய எவரும் இல்லாத இருப்பு அது. அறிவியலின் வரம்புமீறல் பற்றிய நாவல், இவ்வொரு சொல்லால், உறவின் கடமை தவறியது பற்றிய கதையாகவும் தமிழில் ஒலிக்கிறது. தழுவலாளர் ஊரையும் பெயரையும் மாற்றுவார். இங்கே பொருளின் அடித்தளமே தமிழ்ச் சடங்குலகில் வேர் கொள்கிறது.

வாசலில் நிற்பவள்

1943-இல் வெளிவந்த ‘காஞ்சனை’யில் கதைசொல்லி ஓர் எழுத்தாளர். உறக்கமற்ற இரவும், பொறுக்க இயலாத நெடியும், அதையடுத்து வரும் நறுமணமும் அவரை அலைக்கழிக்கின்றன. பின்னர் வாசலுக்கு வரும் பிச்சைக்காரி ஒருத்தியை மனைவி இரங்கி வீட்டு வேலைக்கு அமர்த்துகிறார். கணவரின் அச்சம் அங்கிருந்து வளர்கிறது.

ஷெல்லியின் நாவலில் படைப்புயிர் ஒரு குடும்பத்தை மறைவிலிருந்து பார்த்து, அதனுள் இடம் கேட்டு, விரட்டப்படுகிறது. காஞ்சனைக்கோ கதவு திறக்கிறது. அடுப்படிவரை அவள் வந்துவிடுகிறாள். அங்கே இரக்கம் மறுக்கப்பட்டதால் கொடுமை பிறக்கிறது; இங்கே இரக்கம் காட்டப்பட்டதால் அச்சம் பிறக்கிறது. விருந்தோம்பலை அறமாகக் கொண்ட வீட்டில் அச்சம் நுழையக்கூடிய வழி அந்த அறமேயாகும். இவ்விடத்தில் புதுமைப்பித்தன் எவருக்கும் கடன்பட்டவர் அல்லர்.

மேலும், கற்றவரும் கதை புனைபவருமான கணவர் அஞ்ச, மனைவி அஞ்சாது இல்லறம் நடத்துகிறார். பகுத்தறிவு ஆணுக்கும் பேய்நம்பிக்கை பெண்ணுக்கும் உரியவை என்ற பழக்கப்பட்ட பங்கீடு தலைகீழாகிறது. காஞ்சனை பேயா, அல்லது வறியவள் ஒருத்தியை ஐயுற்ற நடுத்தர வர்க்க மனத்தின் நோயா என்பதைக் கதை தீர்ப்பதில்லை. ‘வேதாளம் சொன்ன கதை’யில் வேதாளத்தையே நகைப்புக்கு உள்ளாக்கியவர், இங்கே நகைப்பைப் படிப்பவருக்குப் புகலிடமாக விட்டுவைக்கவில்லை.

முடிவுரை

நாற்பத்திரண்டு வயதில் மறைந்த புதுமைப்பித்தன், அச்சக் கதையைத் தனித் துறையாக வளர்க்கவில்லை. எனினும் கைப்பொருளின் திகிலிலிருந்து சொல்லின் பொருளுக்கும், அங்கிருந்து வீட்டு வாசலுக்கும் அவர் வந்த வழி தெளிவாகத் தெரிகிறது. தழுவல் குற்றச்சாட்டு அவ்வழியின் தொடக்கத்தை விளக்கும், முடிவை விளக்காது.

இவ்வாய்வு புலம்பெயர் கல்விக்கும் பயன்படும். மேரி ஷெல்லியின் தாய் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் 1765 முதல் 1768 வரை தம் சிறுவயதைக் கழித்தது, அன்று எசெக்ஸில் இருந்த பார்க்கிங் அருகிலுள்ள பண்ணையொன்றில். மகளைப் பெற்ற சில நாட்களில் அவர் 1797-இல் மறைந்தார். தாயற்ற படைப்பின் கதையை எழுதியவர் அம்மகளே. இன்று அதே பார்க்கிங்கில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. இங்கிலாந்துப் பள்ளித் தேர்வுக்குரிய நாவல்களுள் ‘பிராங்கன்ஸ்டைன்’ ஒன்று. அதை ஆங்கிலத்தில் கற்கும் பிள்ளைகளுக்கு, வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் ‘பிரேத மனித’னையும் ‘காஞ்சனை’யையும் உடன்வைத்துக் கற்பிக்கலாம். தமிழ், பாட்டியின் மொழியாக மட்டும் எஞ்சாமல், உலக இலக்கியத்தோடு வாதிடும் மொழியாகவும் அவர்களுக்கு அறிமுகமாவதற்கு அது வழிசெய்யும்.