பேரும் அரைப்பேரும்: ஊவாத் தோட்டங்களிற் கணிக்கும் கருவிகள்

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை அன்றாடத் தொழிலில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பாரும், அவற்றால் தொழிலே பறிபோகும் என்பாரும் ஒருவரையொருவர் மறுத்து நிறைய எழுதி வருகின்றனர். 2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு எட்டியது முதல் இவ்வாதம் ஓய்ந்தபாடில்லை. எனினும் இரு சாராரும் ஒரு விடயத்தில் ஒத்துப்போகின்றனர். கருவியைப் பயன்படுத்துபவரும் அதனாற் பயனோ பாதிப்போ அடைபவரும் ஒருவரே என்பது அவர்தம் துணிபு. மேசைமுன் அமர்ந்து கடிதம் வரைவோரையும் கணக்கெழுதுவோரையும் பொறுத்தவரை இஃது ஓரளவு உண்மையாகலாம். பதுளையிலிருந்து பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, அப்புத்தளை எனப் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கு இது பொருந்துவதன்று. அங்கு அளப்பவர் வேறு, அளக்கப்படுபவர் வேறு. ஆகவே ஒரு கருவி நல்லதா தீயதா என்ற வினாவுக்கு முன்னதாக, அஃது எவர் பக்கமிருந்து தோட்டத்தினுள் நுழைகின்றது என்ற வினா எழுப்பப்படல் வேண்டும்.

தோட்டத்தின் வரலாறே பதிவேடுகளின் வரலாறு எனலாம். அவற்றுட் பழையது துண்டு. தொழிலாளி ஒருவர் கங்காணிக்குத் தரவேண்டிய கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவர் அவரை அழைத்துச் செல்லலாம் என்று கூறும் அச்சிறு தாளே ஒரு மனிதரைத் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாற்றப் போதுமானதாயிருந்தது. தாளிற் கண்ட தொகையைத் தாமே வாசித்துச் சரிபார்க்க அத்தொழிலாளியால் இயலவில்லை. துண்டுமுறை 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. செக்ரோல் என்னும் வரவுப் பதிவேடு நிலைத்தது. அதிலிருந்து பிறந்த சொல்லே ‘பேர்’. ஒருநாள் வேலை முழுமையாகக் கணக்கில் ஏறினால் அன்று ‘பேர்’ விழுந்தது. குறித்த அளவு கொழுந்து எடுக்கத் தவறினால் ‘அரைப்பேர்’. மனிதரின் பெயரே கூலியின் அலகாகிவிட்ட இச்சொல்லாட்சி தமிழ்மொழியில் வேறெங்கும் இவ்வாறு அமைந்ததாகத் தெரியவில்லை. பதிவேட்டின் முன் ஒருவர் அரை மனிதராகக் குறுகலாம் என்பதை அம்மக்கள் எவ்விதக் கோட்பாட்டு விளக்கமுமின்றிச் சொல்லிவிட்டனர்.

தராசும் இவ்வகையினதே. கூடைக்கும் ஈரத்துக்குமெனக் கிலோக்கள் கழிக்கப்படுவது பற்றிய முறைப்பாடு தோட்டங்களில் மிகப் பழையது. பல தோட்டங்களில் இலத்திரனியல் தராசு வந்தபின்னர் முள்ளின் ஆட்டம் நின்றது. கழிவு பற்றிய பேச்சு நின்றபாடில்லை. நிறையைத் தராசு காட்டுகின்றது. கழிவை முகாமை தீர்மானிக்கின்றது. 2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோதும் இதுவே வேறு வடிவில் நிகழ்ந்தது. கூலி உயர்ந்தது; அத்துடன் பல தோட்டங்களில் ஒரு பேருக்கு எடுக்கவேண்டிய கொழுந்தின் அளவும் உயர்ந்தது. அரைப்பேர் பற்றிய பிணக்குகள் மலிந்தன. இங்கு தராசு பொய் சொல்லிற்று என்று எவரும் கூறுவதற்கில்லை. அது துல்லியமாகவே அளந்தது.

கொழுந்தின் படத்தைக் கொண்டு தரம்பிரித்தல், விளைச்சலை முன்கூட்டிக் கணித்தல், கொப்புள நோயை இலையின் தோற்றத்திலிருந்து கண்டறிதல் ஆகியன பற்றித் தேயிலை விளையும் நாடுகள் பலவற்றில் ஆய்வுகள் நடைபெறுகின்றன. நோயை முன்னறிதல் வரவேற்கத்தக்கதே. அதனைக் குறைகூற இடமில்லை. ஆனால் விளைச்சலைக் கணிக்கும் அதே கருவி, இந்த மலையில் இன்று இவர் இத்தனை கிலோ எடுத்திருக்க வேண்டும் என்றும் கணிக்க வல்லது. ஊவாவில் யூலை முதல் செப்ரெம்பர் வரை வரண்ட காற்று வீசும் பருவத்தில் தேநீரின் மணம் உயர்கின்றது; உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் தேடித் தந்தது அப்பருவமே. தளிர் மெதுவாக வளரும் அந்நாட்களில் கூடை நிறைவது எளிதன்று. இதனை அறிந்த கங்காணியிடம் வாதாடலாம், கெஞ்சலாம், ஏசவும் செய்யலாம். திரையில் தோன்றும் எண்ணை ஏசுவதாற் பயனில்லை.

மலையக இலக்கியம் இவ்விடத்திற் கவனத்துக்குரியது. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டி 1983இல் நூலுருப்பெற்ற நாட்டார் பாடல்களும், மலையகச் சிறுகதைகளும் அளக்கப்பட்டவரின் பக்கத்தில் நின்று பேசின என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றுட் பலவற்றில் ஒரு குறை உண்டு. தராசடியில் நிற்கும் கணக்கப்பிள்ளை கொடியவனாக வருவான்; அவன் மனம் மாறினாலோ இடம் மாறினாலோ துயர் தீரும் என்ற தோற்றம் எழும். அவனுக்குக் கட்டளையிட்ட கணக்குமுறை கதைக்கு வெளியே நின்றுவிடும். கணக்கப்பிள்ளையின் இடத்தில் கணிப்புக்கருவி அமரும் நாளில் இக்கதையமைப்புச் செல்லாக்காசாகிவிடும். பதுளை மண்ணில் 1934இற் பிறந்து, தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயருடன் இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் இவ்வகையில் வேறுபட்டவர். லயத்தின் இடநெருக்கடியை அவர் எழுதும்போது வாசகரின் சினம் தனியொரு மனிதரைத் தேடிச் செல்வதில்லை. அது அறையின் அளவிலேயே முட்டி நிற்கின்றது. நாமிருக்கும் நாடே தொகுதி 1979இல் வெளிவந்தது. அவர் 2022இல் மறைந்தார். புதிய கருவிகளைப் பற்றி எழுத விழையும் இளம் எழுத்தாளர் கற்றுக்கொள்ள வேண்டிய பார்வை அங்குள்ளது.

இவ்வெழுத்துக்கள் லயத்தின் பேச்சை அச்சேற்றின என்பதும் சிறிய விடயமன்று. மொழிக்கருவிகள் இணையத்தில் எழுத்துவடிவிற் கிடைப்பவற்றைக் கொண்டே தமிழ் கற்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையவழி நூற்களஞ்சியத்தில் ஈழத்து நூல்களும் ஏடுகளும் ஏராளமாக உள்ளன; ஆயின் அவற்றுட் பெரும்பாலானவை பக்கப் படங்களாகவே உள்ளன. செய்தித்தாளின் தமிழும் திரைப்படச் செய்தியின் தமிழும் மலிந்த அளவுக்கு ‘பிரட்டுக்களம்’, ‘கைக்காசு’, ‘அரைப்பேர்’ ஆகியவை இணையத்தில் இல்லை. அரைப்பேர் போட்டுவிட்டார்கள் என்ற முறைப்பாட்டைப் பாதிப் பெயர் எழுதிவிட்டார்கள் என்று ஒரு கருவி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பெயர்க்குமாயின், தொழில் அலுவலகத்தில் அம்முறைப்பாடு எழுத்துப்பிழை பற்றியதாக முடியும்.

இவ்வாறு கூறுவது கருவியை விலக்குவதற்காக அன்று. உண்மையில் லயத்தின் பக்கமிருந்து நோக்கின் அதன் தேவை மிகப் பெரிது. பதுளை மாவட்டத்திற் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டிருந்தும், சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட கடிதம் தோட்டத்துக்கு வருவது இன்றும் புதுமையன்று. அக்கடிதத்தை வாசிக்க ஒருவர் தேவை. அவர் ஓய்வாக இருக்கும் நேரம் தேவை. சில வேளைகளில் அவருக்கு ஒரு கையூட்டும் தேவை. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இலும் சிங்களம் 2014இலும் சேர்ந்தன. கடிதத்தைக் கைத்தொலைபேசியாற் படமெடுத்து அதன் சாரத்தைத் தமிழில் அறிதல் இன்று இயலும். பிழைகள் மிகுதி எனினும், கடிதம் எதைப் பற்றியது, எந்நாளுக்குள் எங்கு செல்ல வேண்டும் என்பதை இன்னொருவர் தயவின்றி அறிவது துண்டுக் காலத்திலிருந்து நீண்டுவரும் ஒரு நிலையை உடைப்பதாகும். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பம் கற்பிக்கப்படுகின்றது. கொழுந்தைக் கணிக்கும் கருவிக்குத் தரப்படும் ஆய்வு முயற்சியில் ஒரு பங்கேனும் இக்கடிதங்களை வாசிக்கும் கருவிக்கும், தோட்டச் சொற்களின் அகராதியொன்றுக்கும் தரப்படுமாயின் அது வீண்போகாது. அவ்வகராதியைத் தொகுக்கப் பொறியியலாளர் தேவையில்லை. விடுமுறைக்கு வீடு செல்லும் தமிழ் மாணவர் போதும்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவு லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. முன்னறிவிக்கும் கருவிகளின் பெருமை பேசப்படும்போதெல்லாம் இது நினைக்கப்பட வேண்டும். அறிவு அங்கு குறைவுபடவில்லை; குடியேற மாற்று நிலமும் வீடும் உரிய காலத்திற் கிடைக்கவில்லை.

மீண்டும் பேருக்கே வரலாம். ஒரே பெண்ணின் பெயர் செக்ரோலில் ஒருவிதமாகவும், பிறப்புச் சான்றிதழில் வேறுவிதமாகவும், அடையாள அட்டையில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருப்பது தோட்டங்களிற் சாதாரணம். கிளாக்கர் தம் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியதன் விளைவு அது. முப்பது ஆண்டு உழைத்து ஊழியர் சேமலாப நிதியைக் கோரும் நாளில், முத்தம்மாவும் முத்தம்மாளும் ஒருவரே என்று நிறுவச் சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தர், தோட்ட நிர்வாகம் எனப் பல படிகளில் ஏறியிறங்க வேண்டியுள்ளது. எழுத்து வேறுபாடுகளுக்கிடையே ஒரே ஆளை இனங்காண்பது இக்கருவிகள் நன்கு செய்யவல்ல வேலைகளுள் ஒன்று. பொருந்துகின்றது என்பதற்கான காரணத்தையும், பொருந்தவில்லையெனில் எந்தப் பத்திரம் குறைகின்றது என்பதையும் தமிழில் அச்சிட்டு அவர் கையிற் கொடுக்குமாறு அதனை அமைக்கலாம். பொருந்தவில்லை என்ற ஒற்றைச் சொல்லை உத்தியோகத்தரின் திரையில் மட்டும் காட்டுமாறும் அமைக்கலாம். இரண்டாவது செலவு குறைந்தது. அந்த வழி தெரிவு செய்யப்படுமாயின், அவர் தோட்டக் கந்தோரின் வாசற்படியில் முன்போலவே காத்து நிற்பார்.