தும்பியின் ஊதுதல்

சங்கப் பாக்களில் வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்னும் பெயர்கள் மலரோடு இயைந்து வருமிடம் பலவற்றில் ‘ஊதுதல்’ என்னும் வினையும் உடன் வருகின்றது. இதற்கு ஒலித்தல் என்றோ தேனுண்ணுதல் என்றோ பொருள் கூறி மேற்செல்லுதல் வழக்கம். மலரில் வண்டை வைத்துப் பாடுதல் புலனெறி மரபு. ஆதலின் அவ்வினையை நுணுகி நோக்க வேண்டுவதில்லை என்பது இதன் உட்கிடை. இக்கருத்து மீளவும் ஆராய்தற்குரியது.

இன்றைய வழக்கும் இவ்வாராய்ச்சிக்குத் தடையாக நிற்கின்றது. தும்பி என்றவுடன் தட்டானும், வண்டு என்றவுடன் வன்சிறைப் பூச்சியும் மாணவர் நினைவுக்கு வருகின்றன. தட்டானோ பிற பூச்சிகளைப் பிடித்துண்பது. பூவில் தாது கொள்வதன்று. இப்பொருளை மனத்திற்கொண்டு பழம்பாட்டைக் கற்பார்க்கு ஊதுதல் வெற்றணியாகத் தோன்றுதல் இயல்பே.

குறுந்தொகையின் 239ஆம் பாட்டு இங்குக் கருதத்தக்கது. காந்தட் பூவின் தாதினை ஊதும் தும்பி, பாம்பு உமிழ்ந்த மணிக்கு அப்பாட்டில் உவமிக்கப்படுகின்றது. அதன் சிறகு குறியது என்றும் புலவர் கூறுவர். கருமையும் ஒளியும் திரட்சியும் உடையதொன்றே மணிபோலத் தோன்றும். தட்டானுக்கு இவ்வுவமை பொருந்தாது. ஊரார் கருவண்டு என்று வழங்கும் பெரிய தேனீக்கு அது நன்கு பொருந்துகின்றது. உலர்மரத்தையும் மூங்கிலையும் துளைத்து உறையும் இதனை நூலோர் தச்சுத்தேனீ என்பர். அப்பாட்டின் மலையும் மூங்கிலை வேலியாக உடையது. இதனைத் தனிச்சான்றாகக் கொள்ளலாகாதெனினும் பொருத்தம் நோக்கத்தக்கது.

இனி, வினையை நோக்குவாம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் வழியிலுள்ள கீழ்பென்னாத்தூரின் புன்செய்ப் புறங்களில், பின்பனி கழிந்து இளவேனில் தலைப்படுங் காலத்து ஆவாரம் புதரருகே நிற்பார்க்கு இவ்வினை செவிவழியே விளங்கும். பறந்துவரும் கருவண்டின் ஒலி ஒருவகை. பூவைப் பற்றியபின் எழும் ஒலி வேறுவகை. அது சிறகை மடித்து, மார்புத் தசைகளை மட்டும் அதிர்க்கின்றது, சுருதி உயர்கின்றது. ஆவாரம்பூவில் தேன் சுரப்பதில்லை. மகரந்தமும் பையின் நுனியிலுள்ள சிறுதுளை வழியாகவே வெளிப்படும். வண்டின் அதிர்வே அதனை உதிர்ப்பது. அடைகட்டித் தேன் சேர்க்கும் தேனீக்கள் இவ்வாறு அதிர்த்துத் தாது கொள்வதில்லை. இங்கே ஒலித்தலும் தாது கொள்ளுதலும் இருவேறு செயல்கள் அல்ல. ஒரு செயலின் இருகூறுகள். ‘தாதூதுதல்’ என்னும் தொடர் அவ்வொருமையை ஒரு வினையால் உணர்த்துகின்றது.

இவ்விடத்து மிகைபடக் கூறலும் குற்றமாம். காந்தளின் மகரந்தப்பை ஆவாரையினதுபோல் நுனித்துளை உடையதன்று. நெடுகப் பிளந்து திறப்பது. ஆதலின் பழந்தமிழர் இம்மகரந்த நுட்பத்தை அறிந்திருந்தனர் என்று அப்பாட்டைக் கொண்டு நாட்டுதல் இயலாது. புலவர் தந்தது கேட்ட ஒலியும் கண்ட நிலையும். காரணம் பிற்கால அறிவு தந்தது. வெறும் மரபென்று தள்ளுவாரும், அறிவியலென்று ஏற்றுவாரும் பாட்டிலுள்ள காட்சியை ஒருங்கே இழக்கின்றனர்.

மற்றொரு வினாவும் எழுகின்றது. அதே ஆவாரையில் வெளிர்நிறச் சிறகுடைய வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுகின்றன. அவற்றின் புழுக்கள் அதன் இலையைத் தின்று வளர்கின்றன. ஆயினும் வண்ணத்துப்பூச்சி என்னும் பெயர் சங்க நூல்களில் இல்லை. தமிழ் மறவன் 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டமையை எண்ணுங்கால் இவ்வின்மை வியப்பளிக்கின்றது. ஒலியின்மையே காரணம் என்னலாமோ எனின், மூதாயும் மின்மினியும் ஒலியற்றவையாயினும் அகநானூற்றில் இடம்பெற்றன. ஆதலின் விடையைச் சற்று வரையறுத்தல் வேண்டும். மூதாய்க்கு இடம் கார்கால நிலம். மின்மினிக்கு இடம் இருள். மலரோ இசைக்குரிய இடமாகப் புலவரால் கொள்ளப்பட்டது. யாழோடு ஒப்பிடத்தக்க உயிரே அங்கு அமர்த்தப்பட்டது.

கீழ்பென்னாத்தூர்க்கு மேற்கேயுள்ள செங்கம் பகுதியைப் பாடிய மலைபடுகடாமும் இதற்குத் துணை நிற்கின்றது. மலையை யானையாகவும் அதன் ஓசையைக் கடாமாகவும் கொண்டு பெயர் பெற்ற அந்நூல், 583 அடிகளுள் ஒரு பகுதியை மலையில் எழும் ஒலிகளுக்கே ஒதுக்குகின்றது. குரங்கும் ஏறலாகா நெடுவரையில் ஏணி அமைத்துத் தேன்கொள்ளும் செய்தியும் அப்பகுதியிலேயே அமைந்துள்ளது. அந்நிலத்தைப் பாடிய புலவர் செவியை முதற்கருவியாகக் கொண்டார் என்பதற்கு இது சான்று.

ஆகவே, ஊதுதல் என்பதனை உரைகாணும்போது ‘ஒலித்துத் தாது கொள்ளுதல்’ என ஒருங்கே கூறுதல் தகும் என்பது எம் துணிபு. அகராதியைப் புரட்டுமுன் ஆவாரம் புதரருகே சிறிது நேரம் நிற்றலும் உரையாசிரியர் கடமையுள் ஒன்றாகும்.