சீட்டுக்குச் சீட்டு தாவும் சின்னங்கள்: டாரட் ஓவியங்களை வாசிப்பது எப்படி?

லண்டனில் 1909 டிசம்பரில் வில்லியம் ரைடர் அண்ட் சன் நிறுவனம் 78 சீட்டுகள் கொண்ட டாரட் கட்டு ஒன்றை வெளியிட்டது. அதில் 6ஆம் எண்ணுள்ள ‘காதலர்’ சீட்டையும் 15ஆம் எண்ணுள்ள ‘சாத்தான்’ சீட்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவதில் வானதூதர் மேலே கைவிரித்திருக்கிறார். கீழே ஆடையற்ற ஆணும் பெண்ணும். பெண்ணின் பின்னால் பாம்பு சுற்றிய கனிமரம், ஆணின் பின்னால் சுடர்கள் பூத்த மரம். இரண்டாவதில் வானதூதரின் இடத்தை வௌவால் சிறகுள்ள சாத்தான் பிடித்துக்கொள்கிறான். கீழே அதே இருவருக்கும் கொம்பும் வாலும் முளைத்துவிட்டன, கழுத்தில் சங்கிலி. பெண்ணின் வால்நுனியில் திராட்சைக் குலை, ஆணின் வால்நுனியில் தீ. முதுகுக்குப் பின்னால் மரமாக நின்றவை இப்போது உடம்பின் உறுப்புகள். ஆனால் சங்கிலி தளர்வாகக் கிடக்கிறது. தலைவழியே கழற்றிவிட முடியும்.

மேலே ஒருவர், கீழே இருவர் என்ற இந்த அமைப்பு 5ஆம் எண்ணுள்ள ‘குரு’ சீட்டிலும் வருகிறது. அங்கே குரு வலக்கையை உயர்த்தி ஆசி தருகிறார். சாத்தானும் வலக்கையை உயர்த்தியிருக்கிறான். ஆசியும் அதன் கேலியும் ஒரே கைவீச்சில் அடங்கிவிடுகின்றன.

டாரட் பற்றி வரும் நூல்களில் பெரும்பாலானவை இத்தகைய படங்களை அகராதி முறையில் விளக்குகின்றன. பாம்பு என்றால் ஆசை, திராட்சை என்றால் போகம், ரோஜா என்றால் தூய்மை. தொடங்குபவருக்கு இது கைகொடுக்கலாம். ஆனால் மேலே சொன்ன மூன்று சீட்டுகளுக்கு இடையில் நடப்பது எதுவும் அந்த அகராதியில் அகப்படாது. ஒரு சின்னம் எங்கிருந்து வந்தது, வேறு எந்தச் சீட்டில் திரும்ப வருகிறது, திரும்பும்போது என்ன மாறியிருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் அதன் பொருள் பிடிபடும்.

ஆட்டத்தில் பிறந்த படங்கள்

டாரட் 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில் பிறந்த சீட்டாட்டம். கோல், கிண்ணம், வாள், காசு என நான்கு இனங்கள். அவற்றை வெட்டும் துருப்பாக 21 படச்சீட்டுகள். இவற்றோடு சேராத ‘பேதை’ ஒன்று. மிலானை ஆண்ட விஸ்கோந்தி, ஸ்ஃபோர்ஸா குடும்பங்களுக்காக அந்நூற்றாண்டின் நடுவில் பொன்தகடு ஒட்டி வரையப்பட்ட கட்டு ஒன்றில் 74 சீட்டுகள் எஞ்சியுள்ளன. அவற்றில் 35 நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கின்றன. வரைந்தவர் போனிஃபாச்சோ பெம்போ என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

அக்காலத்து ஆட்டக்காரருக்கு இந்தப் படங்களில் மர்மம் ஏதுமில்லை. ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் மனிதனை அவர் ஊர்ச் சுவரிலேயே பார்த்திருப்பார். துரோகிகளையும் கடனை ஏமாற்றியவர்களையும் இப்படித் தலைகீழாகப் பொதுச்சுவரில் வரைந்து அவமானப்படுத்துவது அன்றைய இத்தாலிய நகரங்களின் தண்டனை முறை. 1440இல் ஃபிளாரன்ஸ் நகரில் ஆந்திரேயா தெல் கஸ்தாக்னோ இத்தகைய படங்களை வரைந்து, ‘தூக்கிலிடப்பட்டோரின் ஆந்திரேயா’ என்ற பட்டப்பெயரே பெற்றார். பழைய இத்தாலியப் பட்டியல்களில் இச்சீட்டின் பெயர் ‘துரோகி’. 1909இன் சீட்டிலோ அதே மனிதனின் தலையைச் சுற்றி ஒளிவட்டம். தொங்கும் மரத்தில் இலைகள் துளிர்த்திருக்கின்றன. அவமானத்தின் படம் ஞானத்தின் படமாகிவிட்டது. உருவம் அப்படியே இருக்க, இரண்டு சிறு சேர்க்கைகள் பொருளைத் தலைகீழாக்கின.

‘துறவி’யின் கதையும் இதுவே. விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ஸா கட்டில் அந்தக் கிழவர் கையில் இருப்பது மணற்கடிகாரம். அவர் காலத்தின் உருவம். பின்னாளில் பிரான்சில் பரவிய மார்சேய் வகைக் கட்டுகளில் அது விளக்காகிறது. காலம் கரைவதைக் காட்டியவர் வழி தேடுபவராகிறார். ‘வலிமை’ சீட்டில் முதலில் ஓர் ஆண் சிங்கத்தைத் தடியால் அடிக்க ஓங்குகிறான். மார்சேயில் ஒரு பெண் வெறுங்கையால் சிங்கத்தின் வாயைப் பிடிக்கிறாள். லண்டன் கட்டில் அவள் மலர்ச்சரம் அணிந்து, சிங்கத்தின் மேல் மென்மையாகக் குனிகிறாள். சிங்கம் மாறவில்லை, வலிமை என்றால் என்ன என்பதற்கான விடை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

எகிப்து என்ற கற்பனை

1781இல் பாரிஸில் அந்துவான் கூர் த ஜெபலன் தம் பெருநூலின் எட்டாம் தொகுதியில், டாரட் பண்டைய எகிப்தியரின் ஞான நூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷம்போலியன் படித்தறிந்தது 1822இல்தான். ஆகவே ஜெபலனிடம் சான்று எதுவும் இருந்திருக்க வழியில்லை. ஆனாலும் கற்பனை வேரூன்றியது. 1850களில் மறையியலாளர் எலிஃபாஸ் லெவி 22 படச்சீட்டுகளை 22 எபிரேய எழுத்துகளோடு இணைத்தார். ‘தேர்’ சீட்டின் குதிரைகளுக்குப் பதிலாக, மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்ஃபிங்ஸ்களைப் பூட்டினார்.

வரலாறாகப் பார்த்தால் இவை பிழைகள். ஆனால் அவை ஓவியத்துக்குள் நுழைந்த பிறகு, அங்கே அவை உண்மையான பகுதிகள். ‘மந்திரவாதி’யின் தலைக்கு மேல் மிதக்கும் படுத்த எட்டு இதற்கு நல்ல சான்று. மார்சேய் கட்டில் அவர் தெருவில் வித்தை காட்டுபவர். அகன்ற விளிம்புள்ள தொப்பி அணிந்திருப்பார். சிங்கத்தோடு நிற்கும் பெண்ணுக்கும் அதேபோன்ற தொப்பி. முடிவிலிக்கு இந்தக் குறியை ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலக் கணிதவியலாளர் பயன்படுத்தியது 1655இல். 19ஆம் நூற்றாண்டு மறையியலாளர்கள் தொப்பியின் வளைவில் அந்தக் குறியைக் கண்டார்கள். லண்டன் கட்டில் தொப்பி மறைந்து குறி மட்டும் நிற்கிறது. அதே குறி ‘காசு இரண்டு’ சீட்டில் இரு நாணயங்களைச் சுற்றிய நாடாவாக வருகிறது. நாணயங்களைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் இளைஞன் வழியாகப் பழைய தெரு வித்தைக்காரன் மறுபடி வந்துவிடுகிறான்.

பமேலா கோல்மன் ஸ்மித்

அந்த லண்டன் கட்டை வரையச் சொன்னவர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட். வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். இருவரும் ‘கோல்டன் டான்’ என்ற மறையியல் சங்கத்தின் உறுப்பினர்கள். ஸ்மித் 1878இல் லண்டனில் பிறந்தார், ஜமைக்காவில் வளர்ந்தார், நியூயார்க்கின் ப்ராட் நிறுவனத்தில் ஓவியம் கற்றார், ஹென்றி இர்விங், எலன் டெரி இருவரின் லைசியம் நாடகக் குழுவோடு பணியாற்றினார். 1907இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் காட்சியகத்தில் அவருடைய ஓவியங்கள் வைக்கப்பட்டன. 1909 நவம்பரில் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், 80 படங்கள் கொண்ட பெரிய வேலை ஒன்றை மிகக் குறைந்த கூலிக்கு முடித்ததாகக் குறிப்பிட்டார்.

மார்சேய் கட்டில் ஐந்து கிண்ணம் என்றால் ஐந்து கிண்ணம்தான், காட்சி கிடையாது. ஸ்மித் இந்த எண் சீட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மனிதர் நிறைந்த காட்சி வரைந்தார். அவருக்கு முன்னோடி ஒன்று உண்டு: 15ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த சோலா புஸ்கா கட்டு. அதன் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தன. மூன்று வாள் துளைத்த இதயம் அந்தக் கட்டிலிருந்து ஸ்மித்தின் ‘வாள் மூன்று’ சீட்டுக்கு வந்தது என்பதைப் படங்களே காட்டிவிடுகின்றன. ஆனால் பின்னால் மேகமும் மழையும் ஸ்மித் சேர்த்தவை. அவருடைய பல சீட்டுகளில் தரைக்கும் பின்னணிக்கும் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. மேடைக்குப் பின்னால் வரைதிரை தொங்குவது போன்ற தோற்றம். நாடக மேடையை அறிந்தவர் அவர். ஒரு பொருள் மேடைக்கு இரண்டாம் முறை வந்தால் பார்வையாளர் அதை அடையாளம் காண்பார் என்பதும் அவருக்குத் தெரியும்.

ரோஜா, இறகு, வெள்ளைக் குதிரை

இதைச் சோதிக்க ஒரு சங்கிலியைப் பின்தொடரலாம். ‘பேதை’ மலைவிளிம்பில் நிற்கிறான். கையில் வெள்ளை ரோஜா, தொப்பியில் சிவப்பு இறகு. இறகுக்கு நெடிய மரபு உண்டு. பதுவா நகரத் தேவாலயச் சுவரில் ஜொத்தோ ஏறக்குறைய 1305இல் வரைந்த ‘மடமை’ இறகுகளைத் தலையில் சூடியிருக்கிறது. விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ஸா பேதையின் முடியிலும் இறகுகள். 

அடுத்து 13ஆம் எண், ‘மரணம்’. கவசமணிந்த எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. அதன் கொடியில் வெள்ளை ரோஜா, தலைக்கவசத்தில் சிவப்பு இறகு. பேதையிடம் இருந்த இரண்டும் இங்கே வந்துவிட்டன. அரசன் வீழ்ந்து கிடக்கிறான். சமயத் தலைவர் கைகூப்புகிறார். ஒரு குழந்தை மட்டும் நேருக்கு நேர் பார்க்கிறது. தொலைவில் இரு கோபுரங்கள், நடுவே சூரியன். 19ஆம் எண்ணுள்ள ‘சூரியன்’ சீட்டில் அந்தச் சூரியன் முழுதாக மேலேறியிருக்கிறது; குழந்தை ஒன்று வெள்ளைக் குதிரையில் வருகிறது; தலையில் சிவப்பு இறகு.

மூன்றையும் சேர்த்தால் ஒரு வாதம் உருவாகிறது. அறியாமையின் துணிவு, இழப்பைக் கடந்து, அறிந்த பிறகும் குழந்தைமை குன்றாத மகிழ்ச்சியாகத் திரும்புகிறது. இதை எந்தத் தனிச் சீட்டும் சொல்லவில்லை. இறகு ‘இன்னதைக் குறிக்கும்’ என்ற பட்டியலும் சொல்லாது. தொலைவில் இருந்த இரு கோபுரங்கள் ‘நிலா’ சீட்டிலும் நிற்கின்றன. ஆகவே அச்சம் நிறைந்த அந்த இரவும் இதே பயணத்தின் ஒரு கட்டம் என்று தெரிகிறது.

இன்னொரு சான்று மாதுளை. ‘தலைமைப் பெண்குரு’ கறுப்பும் வெள்ளையுமான இரு தூண்களுக்கு நடுவே அமர்ந்திருக்கிறாள். சாலமோனின் ஆலயத் தூண்கள் அவை. பின்னால் தொங்கும் திரையில் மாதுளம்பழங்கள். அடுத்த சீட்டான ‘பேரரசி’யில் மாதுளை அவளுடைய ஆடையிலேயே இருக்கிறது. ஒருத்தி திரைக்குப் பின் காப்பதை மற்றவள் உடுத்திக்கொண்டு உலகத்துக்கு வருகிறாள்.

துறை இன்று நிற்கும் இடம்

டாரட் ஆய்வில் இரு பெரும் போக்குகள். நியூயார்க் பொது நூலகத்தில் பணியாற்றிய கெர்ட்ரூட் மோக்லி 1966இல் விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ஸா சீட்டுகளைத் திருவிழா ஊர்வலங்களோடும் பெட்ரார்க்கின் கவிதை மரபோடும் பொருத்திக் காட்டினார். ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி மைக்கேல் டம்மெட் 1980இல் டாரட்டின் ஆட்ட வரலாற்றை விரிவாக நிறுவி, எகிப்துக் கதைக்கு முற்றுப்புள்ளி வைத்தார். அதே 1980இல் சாலி நிக்கல்ஸ் யுங்கின் உளவியல் வழியில் சீட்டுகளை ஆழ்மனத் தொல்படிமங்களாக வாசித்தார்.

வரலாற்றுப் போக்கு இல்லாமல் எந்த வாசிப்பும் நேர்மையானதாக இருக்க முடியாது. ஆனால் தொங்கும் மனிதன் துரோகி என்பதோடு அது நின்றுவிட்டால், ஒளிவட்டம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கேட்கப்படாமலே போகும். உளவியல் போக்கு படம் நம்மை ஏன் தொடுகிறது என்பதை விளக்க முயல்கிறது. ஆனால் எல்லாக் கிழவரையும் ஒரே தொல்படிமமாக்கும்போது மணற்கடிகாரத்துக்கும் விளக்குக்கும் உள்ள வேறுபாடு கரைந்துபோகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஓவியரின் முடிவுகளை வாசிக்கும் விமர்சனம் வளர வேண்டும்.

ஓவியர்கள் அதை எப்போதோ தொடங்கிவிட்டார்கள். மறையியலாளர் அலிஸ்டர் க்ரோலிக்காக ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை தீட்டிய தாத் கட்டில், பெண் சிங்கத்தை அடக்குவதை விட்டு அதன்மேல் ஏறி வருகிறாள். நிக்கி த சென்ட் ஃபால் இத்தாலியின் தஸ்கனியில் 22 சீட்டுகளையும் பெருஞ்சிற்பங்களாக்கி ஒரு தோட்டம் அமைத்தார்; 1998இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே பேரரசி ஸ்ஃபிங்ஸ் வடிவில் எழுந்த ஒரு வீடு. கட்டுமானக் காலத்தில் சிற்பி அதற்குள்ளேயே வாழ்ந்தார். லெவியின் கற்பனை எகிப்திலிருந்து கிளம்பிய ஸ்ஃபிங்ஸ், தேரை இழுத்து முடித்து, ஒரு பெண் குடியிருக்கும் உடலாயிற்று.

1909இன் கட்டு நீண்ட காலம் பதிப்பாளர் பெயராலும் வெய்ட் பெயராலும் மட்டுமே வழங்கியது. ஸ்மித் 1951இல் கார்ன்வாலின் பியூட் நகரில் கடனோடு இறந்தார். இப்போது பலர் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். இது வெறும் மரியாதை அல்ல, வாசிப்பின் முறையையே மாற்றும் செயல். சின்னங்கள் யாரும் வரையாமல் தாமாகவே வந்தவை என்று நம்பும்வரை அகராதி போதும். அந்த இறகை மூன்று சீட்டுகளில் ஒரு பெண் தெரிந்தே வைத்தாள் என்று ஏற்றுக்கொண்டால், ஏன் வைத்தாள் என்று கேட்டாக வேண்டும். டாரட் ஓவியங்களைப் பற்றிய நல்ல விமர்சனம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க முடியும்.