தராசு எங்கே?
மாணவர் பாடலும் மக்கள் தீர்ப்பும்

கலை மக்களுக்காகவே என்னும் கொள்கையை இன்று வெளிப்படையாக மறுப்பார் மிகச் சிலரே. ஆயினும், படைப்பின் கருவை அம்மக்கள் முன் வைத்து, அவர்கள் கூறுவதைக் கேட்டு, கேட்டதற்கேற்பத் தம் படைப்பைத் திருத்திக்கொள்வார் எத்தனை பேர்? அண்மையில் எமக்கு நேர்ந்த ஒரு சிறு அனுபவம் இவ்வினாவை மீண்டும் எழுப்பியது.

ஹற்றன் பகுதியில் நாம் கற்பிக்கும் பாடசாலையில், உயர்தர வகுப்பு மாணவர் சிலர் மலையகத்தைப் பற்றிக் காணொளிப் பாடல் ஒன்று தயாரிக்க முனைந்தனர். கைத்தொலைபேசியே அவர்களது கமரா. அவர்களிடம் மூன்று கருத்துகள் இருந்தன. முதலாவதில், பனி படர்ந்த சரிவில் கூடை சுமந்த இளம்பெண் புன்னகையோடு கொழுந்து பறிக்கிறாள். பின்னால் அருவி வீழ்கிறது. இரண்டாவதில், இடிந்த லயம், ஒழுகும் கூரை, அழும் தாய். மூன்றாவது, காலைப் பிரட்டு முதல் மாலையில் கொழுந்தைக் கொட்டும் வரை ஒரு தொழிலாளியின் ஒரு நாள்.

எது நல்லது என்று வகுப்பறையில் கையுயர்த்தச் சொல்லிக் கேட்டனர். அருவிப் பெண்ணே வென்றாள். இம்முடிவில் வியப்பில்லை. தேயிலைப் பொதியிலும் உல்லாசப் பயண விளம்பரத்திலும் பிறந்தது முதல் கண்ட படம் அது. பழகிய ஒன்றை அழகென்று கொள்வது மனித இயல்பு. “எது பிடிக்கிறது?” என்று மட்டும் வினவினால், சந்தை ஏற்கெனவே கற்பித்த விடையே திரும்பி வரும். அதனை மக்கள் கருத்தென்று கொள்வது தவறு.

ஆதலின், கருத்துகளைப் படங்களாக வரைந்து, எழுதிய சரணங்களையும் எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை லயமொன்றின் வாசலுக்கு மாணவரோடு சென்றோம். முதற்படத்தைக் கண்டதும் பெண்கள் சிரித்தனர். “இடுப்புல படங்கு கட்டாம எந்த மலையில கொழுந்தெடுக்கிறா இவ?” என்றாள் ஒருத்தி. இரண்டாவதற்குச் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் ஒரு குரல் எழுந்தது: “எங்க அழுகைய மட்டுந்தான் படம் புடிப்பீங்களா, சேர்? நாங்க சிரிச்சதே இல்லையா?” மூன்றாவதைப் பொறுமையாகப் பார்த்திருந்த மூதாட்டி ஒருவர், “எல்லாஞ் சரி புள்ளைகளா, தராசு எங்க?” என்று கேட்டார்.

மாணவர் திகைத்தனர். மலை, நிரை, கூடை, மழை யாவும் அவர்களது படங்களில் இருந்தன, தராசு இல்லை. எடுத்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறையுமானால், முழுநாள் உழைப்பும் அரைப்பேராகிவிடும். ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கழிக்கப்படுவதும் அவ்விடத்திலேதான். தொழிலாளியின் உழைப்பு கூலியாக மாறும் அந்த ஒரு கணத்தையே எம் மாணவர் விட்டுவிட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். தாயின் முதுகில் கூடையைக் கண்டவர்கள். ஆனால் நிறுக்கும் வேளையில் அவர்கள் பாடசாலையிலோ தனியார் வகுப்பிலோ இருந்தனர். கல்வி அவர்களைத் தாயின் தொழிலிலிருந்து எவ்வளவு தூரம் விலக்கியிருக்கிறது என்பதையும் அந்த வினா காட்டியது.

மக்களிடமிருந்து கலைக்கான பாடங் கேட்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. 1931இல் ஹற்றனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட கோ. நடேசய்யர், புறத்தார் நுழைய முடியாத தோட்டங்களுள் புடைவை வியாபாரியாக வேடமிட்டுச் சென்றவர். அவர் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடினார். 1940இல் அப்பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். மக்கள் அறிந்த மெட்டை எடுத்து, அறியவேண்டிய செய்தியை அதில் ஏற்றியது அவர் முறை. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளையோ, ஆங்கிலத்தில் கவிதை படைக்கும் ஆற்றல் பெற்றிருந்தும், மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். மாசி மாதத்துக் காமன் கூத்தையும் நினைக்கலாம். ஆடுபவரும் தோட்டத்தவர், பார்ப்பவரும் தோட்டத்தவர். கதையை முழுதும் அறிந்த பார்வையாளர் முன்னே நிற்பதே அக்கலைஞருக்குரிய சோதனை.

உலக அரங்கில் இதற்கு இன்னும் நெருங்கிய உதாரணம் உண்டு. 1930இல் பேர்லினில், பேர்டோல்ட் பிரெக்ட் மாணவருக்கென இசைநாடகம் ஒன்று எழுதினார். குர்ட் வைல் இசையமைத்தார். பயணத்தில் நோயுற்ற சிறுவன் ஒருவன், பழைய வழக்கத்துக்கு இணங்கித் தன் சாவுக்குச் சம்மதிப்பதே கதை. நொய்க்கெல்ன் பகுதியிலிருந்த கார்ல் மார்க்ஸ் பாடசாலையின் மாணவர் இதனை விவாதித்தனர். அவன் ஏன் இணங்க வேண்டும் என்று கேட்டனர். பிரெக்ட் சினங்கொள்ளவில்லை. நாடகத்தைத் திருத்தினார், சிறுவன் மறுத்துரைக்கும் மற்றொரு நாடகத்தையும் எழுதிச் சேர்த்தார். ‘ஆம்’ என்பவன், ‘இல்லை’ என்பவன் என்னும் இரு நாடகங்களும் இன்று அருகருகே நிற்பதற்குப் பள்ளிச் சிறார் எழுப்பிய ஆட்சேபமே காரணம்.

எம் மாணவர் முன்மாதிரியாகக் கொண்டதோ, 2021 மார்ச்சு மாதம் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’. சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடிய அப்பாடலின் வேர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வில் இருக்கிறது. அதே மாதத்தில்தான் இங்கே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. உலகெங்கும் மக்கள் அப்பாட்டுக்கு ஆடிய நாள்களில், அந்த ஆயிரத்துக்கு எத்தனை கிலோ என்பதே லயங்களில் பேச்சாயிருந்தது. மாணவர் அப்பாடலின் நிறங்களையும் ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டனர். பேரன் பாட்டியின் அருகமர்ந்து கேட்டதை எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாடலில் பின்பற்றத்தக்கது அதுவே என்பது எமது துணிபு.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். மக்கள் சொல்வதையெல்லாம் ஏற்பதாயின், கலைஞனுக்கு என்ன வேலை? சினிமா நடனம் வேண்டும் என்பாரும் அன்று அவ்வாசலில் இருந்தனர். அவர் கருத்தையும் ஏற்பதா? நடனம் வேண்டுமென்ற இளைஞரோடு மாணவர் வாதிட்டனர். இறுதியில் தப்பிசை சேர்ப்பதென இருதரப்பும் உடன்பட்டன. கேட்பது வேறு, பணிவது வேறு. “உமக்குப் பிடிக்குமா?” என்னும் வினா மக்களை நுகர்வோராக்குகிறது. “இது இப்படித்தான் நடக்கிறதா? எதனை விட்டுவிட்டோம்? இதனைச் சொல்லும் உரிமை எமக்குண்டா?” என்னும் வினாக்களோ அவர்களை ஆசிரியராக்குகின்றன. தொழிலையும் துயரையும் பற்றிய அறிவில் அவர்கள் சொல் முடிந்த முடிபு. வடிவத்தைப் பொறுத்தவரை விவாதத்துக்கு இடமுண்டு.

இன்னுமொன்றைச் சொல்லாமல் விடலாகாது. தராசுக் காட்சி வேண்டும் என்று சொன்னவர்களே, “எங்க மொகந் தெரியக்கூடாது” என்றும் கூறினர். படம் எடுப்பவர் மாலையில் வீடு திரும்புவர். படத்தில் இருப்பவரோ மறுநாள் விடியலில் அதே பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். 1948இல் குடியுரிமை இழந்து, 1964இன் ஒப்பந்தத்தில் இலக்கங்களாகப் பங்கிடப்பட்ட சமூகம் இது. இவர்களின் அச்சத்தைக் கோழைத்தனம் என்பது அறியாமை. பார்வையாளரின் கருத்தைக் கேட்கச் செல்பவர், கருத்துச் சொன்னதால் அவருக்கு விளையக்கூடிய தீங்குக்கும் பொறுப்பாவர்.

பாடல் இன்னும் முற்றுப்பெறவில்லை. அருவி போயிற்று. நிறுக்கும் காட்சியில் கைகளும் கூடையும் தராசின் முள்ளும் மட்டுமே இருக்கும். அழுகைக்குப் பக்கத்தில், நிரையில் நின்று ஒருவரையொருவர் கேலிசெய்யும் பெண்களின் சிரிப்பும் வந்திருக்கிறது. திருத்திய சரணங்களோடு மீண்டும் அதே லயத்து வாசலுக்குச் செல்வதாக மாணவர் வாக்களித்திருக்கின்றனர். அவ்வாசலைத் தாண்டிய பின்னரே அது வேறெங்கும் ஒலிக்க வேண்டும். மலையகப் பாடசாலைகளில் கலைவிழாக்களுக்குப் பாடலும் நாடகமும் பழக்கும் ஆசிரிய நண்பர்களும், நடுவர் மேசைக்கு முன்னே இவ்வாசலைத் தேடிச் செல்வார்களாயின், மாணவர் மட்டுமன்று, நாமும் கற்போம்.