செம்மீனும் கடலம்மாவின் சினமும்

தகழி சிவசங்கரப்பிள்ளையின் மலையாள நாவலான ‘செம்மீன்’ 1956இல் வெளிவந்தது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பு வாயிலாக நமக்கும் நெருக்கமாகிவிட்ட இந்நாவலைக் காதற் காவியமென்றே நமது வாசகர் போற்றி வந்துள்ளனர். கருத்தம்மாவுக்கும் பரீக்குட்டிக்குமாகச் சிந்திய கண்ணீரில், செம்மீன் என்றால் இறால் என்பதே பலருக்கு மறந்துபோயிற்று.

கரையிலிருக்கும் மனைவி நெறி தவறினால் கடலிற் சென்ற கணவனைக் கடலம்மா பலிகொள்வாள் என்ற நம்பிக்கையே நாவலின் அச்சாணி. மீனவரிடையே அந்நம்பிக்கை நிலவுவதைக் காட்டுவது யதார்த்தம். ஆனால், பழனியின் மரணத்தால் அந்நம்பிக்கையை மெய்ப்பித்து முடிப்பது யதார்த்தமாகாது. ‘தோட்டியின் மகன்’, ‘ரண்டிடங்கழி’ ஆகியவற்றில் உழைப்பாளரின் பகைவர் யாரென்று தயங்காது சுட்டிய அதே பேனா, இங்கு பழியை ஒரு பெண்ணின் தலையிற் சுமத்தி ஒதுங்கிக்கொள்கிறது.

இத்தனைக்கும் உண்மையான காரணம் நாவலுக்குள்ளேயே கிடக்கிறது. செம்பன்குஞ்சு தோணியும் வலையும் வாங்கப் பரீக்குட்டியிடம் கடன்படுகிறான். தோணி சொந்தமானதும் கடன்கொடுத்தவனுக்கே மீன்கொடுக்க மறுக்கிறான். உற்பத்திச் சாதனம் கைமாறும்போது மனிதனும் மாறுவதைக் காட்டும் இப்பகுதிகளே நாவலின் உயிர் என்பது எமது கருத்து. ஆசிரியரோ இதனைத் தனியொருவனின் பேராசையாக்கி, இறுதியிற் பைத்தியமாக்கித் தீர்த்துவிடுகிறார்.

அக்கரையின் பிற்கால வரலாறு இவ்வாறு தீரவில்லை. நாவல் வெளிவருவதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1953இல், கொல்லத்தையடுத்த நீண்டகரையில் இந்திய–நோர்வே மீன்பிடித் திட்டம் தொடங்கியிருந்தது. மீனவரின் வாழ்வை உயர்த்துவதே அதன் நோக்கமெனப்பட்டது. முன்னர் உலர்த்திப் பர்மாவுக்கு அனுப்பப்பட்ட இறால், இப்போது உறையவைக்கப்பட்டு அமெரிக்காவுக்கும் யப்பானுக்கும் போயிற்று. விலை ஏற ஏற, கடலுக்கே போகாதவர்களும் இழுவைப்படகுகளில் முதலிட்டனர். ஆயிரம் செம்பன்குஞ்சுகள்! இவர்களை எந்தக் கடலம்மா தண்டித்தாள்?

இறால் ஓரிரு ஆண்டே வாழ்வது, விரைவிற் பெருகுவது, பிடிக்காவிடில் வீணே மடிவது என்று படகுடையோர் வாதிடுவர். இவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இழுவைமடி இறாலை மட்டுமா அள்ளுகிறது? வாயை அகல விரித்துக் கடலடியை உரசிச் செல்லும் அச்சிறுகண் மடியில் மீன்குஞ்சும் நண்டும் சிப்பியும் ஒருசேர அகப்படுகின்றன. விலைபோகாதவை செத்தபின் கடலிலே கொட்டப்படுகின்றன. கரையோரத்தில் வள்ளம் வலிப்பவனுக்கு எஞ்சுவது கலங்கிய நீரே. 1980களில் கேரள மீனவர் உண்ணாவிரதமும் மறியலுமாகப் போராடியதன் பின்னரே, 1988இல் மழைக்கால இழுவைத்தடை வந்தது. 2018 முதல் அது 52 நாட்கள். மிகுதி நாட்களைப் பற்றிப் பேச்சில்லை!

எமது வடகடலுக்கு இது அயலார் கதையன்று. 2017இல் இலங்கை இழுவை மீன்பிடியைச் சட்டத்தாற் தடைசெய்தது. தடைக்குப் பின்னரும் தமிழகத்து றோலர்கள் இறாலைத் தேடி எல்லை கடந்து வந்துள்ளன. அவை அறுத்த வலைகள் எமது மீனவரின் கடன்வலைகள். அப்படகுகளிற் கூலிக்கு வருபவனும் ஏழைத் தமிழனே என்பது இச்சிக்கலின் கொடுமை. இந்த மோதலை எழுதவரும் எமது நாவலாசிரியன் தகழியிடம் கற்கவேண்டியது, தோணிக்காகச் செம்பன்குஞ்சு கடன்பட்ட அந்த அத்தியாயங்களையே. கற்புக் கதையை அவன் அந்தக் கரையிலேயே விட்டுவரலாம்.